மழைக்கு முன் மூன்று வாரங்கள்: கிராமக் கிரிக்கெட் குழு தன் பருவத்தை முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று தமிழ் பேசும் ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் எல்லைப் பகுதியில், கிரிக்கெட் பருவம் நெல்லுக்கும் மழைக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான் நடக்கிறது. இரண்டாம் போக அறுவடை முடிந்து வயல் காலியானதும் ஆட்டம் தொடங்கும். ஜூன் 1ஆம் தேதியை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கடைசி ஆட்டம் முடிந்த அன்று மாலை கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டு, ஆட்டக்களத்தில் விரிக்கும் தேங்காய் நார் விரிப்பான மேட்டைச் சுருட்டி யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டுக் கலைந்துபோகும் குழுக்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அவற்றில் பாதிக்கு மேல் மறு ஆண்டு பந்து வாங்கக்கூடப் பணமில்லாமல், சில சமயம் ஆட இடமே இல்லாமல் நின்றிருக்கின்றன. எங்கள் குழுவும் ஓராண்டு அப்படி நின்றது. அதன் பிறகு நாங்கள் வகுத்துக்கொண்ட முறையை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கடைசி ஆட்டத்திலிருந்து முதல் மழை வரை மூன்று வாரங்கள் கிடைத்தால் இந்த வேலைகள் அனைத்தையும் அவசரமின்றிச் செய்துவிடலாம்.

முதல் படி: முடிவுத் தேதியை நிலக்காரரிடம் கேட்டுக் குறித்தல்

பங்குனி மாதமே செயலாளரும் கேப்டனும் நிலக்காரரை நேரில் சென்று பார்த்து, எந்தத் தேதிக்குள் வயல் வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கோடை மழை ஒன்று இறங்கினால் அந்த ஈரத்திலேயே முதல் உழவைப் போட நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் சித்திரைக் கடைசியிலேயே வயலைக் கேட்பார்கள். தொலைபேசியில் கேட்பது போதாது. அவர் சொல்லும் தேதிக்கு ஒரு வாரம் முன்பாக நம் கடைசி ஆட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு பொள்ளாச்சிப் பக்கமிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ எவ்வளவு பெரிய பரிசுத் தொகைப் போட்டிக்கு அழைப்பு வந்தாலும் சொந்த வயலில் ஆட்டம் வைக்கக் கூடாது. வெளியூருக்குப் போய் ஆடலாம். விஷுவும் சித்திரை முதல் நாளும் ஏறத்தாழ ஒரே நாளில் வருவதால் எல்லையின் இரு பக்கமும் அந்த வாரத்தில்தான் போட்டிகள் குவியும். அதைக் கணக்கில் கொண்டு மே முதல் வாரத்தோடு முடித்துக்கொள்வது எங்களுக்கு ஒத்துவந்திருக்கிறது.

இரண்டாம் படி: வயலை வயலாகத் திருப்பிக் கொடுத்தல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாம் ஆடும் இடம் இன்னொருவருடைய பிழைப்பு. நான்கு மாதம் அதில் ஓடி, மிதித்து, உருளை போட்டு, வரப்பை மழுக்கியிருக்கிறோம்.

முதலில் ஆணிகளை எண்ண வேண்டும். தேங்காய் நார் மேட்டைத் தரையோடு பிடித்து வைக்க அடிக்கும் இரும்பு ஆணிகள் பருவத்தின் தொடக்கத்தில் எத்தனை வாங்கப்பட்டன, இடையில் எத்தனை வளைந்து கழிக்கப்பட்டன, இப்போது எத்தனை கையில் இருக்கின்றன என்ற மூன்று எண்களும் பொருந்தும் வரை வயலை விட்டு யாரும் கிளம்பக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழு இரண்டு ஆணிகளை மண்ணிலேயே விட்டுவிட்டது. உழவுக்கு வந்த டிராக்டரின் முன் டயரில் ஒன்று ஏறியது. டயர் செலவைக் கொடுத்துவிட்டோம். நிலக்காரர் கோபமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அடுத்த தை மாதம் கேட்கப் போனபோது, "இந்த வருசம் உளுந்து போடலாம்னு இருக்கறேன், தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்தப் பருவம் முழுவதும் நாங்கள் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு ஊர்த் திடலில், அவர்கள் ஆடி முடித்த பிறகு மிஞ்சிய வெயில் நேரத்தில் ஆடினோம். இன்று அந்த வயல் மீண்டும் எங்களிடம் வந்திருக்கிறது. ஆணி எண்ணும் வேலையை இப்போதும் நானேதான் செய்கிறேன்.

அடுத்து, இறுக்கிப்போன ஆட்டக்களத்தைத் தளர்த்த வேண்டும். 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர் நீளமுள்ள அந்தப் பட்டையும், பந்துவீச்சாளர் ஓடிவரும் பாதையும் உருளையாலும் காலடியாலும் கல்போல ஆகியிருக்கும். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் பரவலாக இருக்கும் கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். இறுகிய இடத்தில் நீர் உள்ளிறங்காமல் தேங்கி, அந்தப் பட்டையில் மட்டும் பயிர் வெளிறி நிற்கும். ஆகவே ஒரு கோடை மழை பெய்து மண் பதத்துக்கு வந்த மறுநாள், குழுவின் செலவிலேயே டிராக்டர் அமர்த்தி, ஒன்பது கொத்துக் கலப்பையால் அந்தப் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக உழுதுவிட வேண்டும். மண் காய்ந்து கிடக்கும்போது உழுதால் பெரிய கட்டிகளாகப் பெயரும். சேறாக இருக்கும்போது உழுதால் இன்னும் இறுகும். மழை வராவிட்டால் நிலக்காரரின் அனுமதியோடு முந்தைய மாலை தண்ணீர் விட்டுக்கொள்ளலாம்.

எல்லைக்கோட்டுக்காக மழுக்கிய வரப்புகளை மண்வெட்டி போட்டு உயர்த்திக் கட்ட வேண்டும். மடைகளில் அடைத்த கல்லையும் சாக்கையும் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் பாட்டில், பந்தில் சுற்றிய டேப்பின் துண்டு, பொட்டலப் பிளாஸ்டிக் ஆகியவற்றைப் பொறுக்கும்போது இளைஞர்கள் ஒரே வரிசையாகக் கைகோத்த தூரத்தில் நின்று வயலின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நடந்து பொறுக்கினால் எதுவும் தப்பாது. அறுவடை முடிந்த வயலில் மாடு மேயும்; மாட்டின் வயிற்றுக்குள் போகும் பிளாஸ்டிக் அதைக் கொல்லக்கூடியது என்பதைச் சிறுவர்களுக்கு அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

பிட்ச் சமமாக இருக்கட்டும் என்று வெளியிலிருந்து செம்மண், கிராவல் கொண்டுவந்து கொட்டும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. நெல்வயலில் இதைச் செய்யவே கூடாது. கேரளத்தில் நெல்வயல்களையும் நீர்நிலங்களையும் மேடாக்குவதையும் வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதையும் 2008ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நம் ஆட்டத்துக்காக நிலக்காரர் அதிகாரிகள் முன் நிற்கும் நிலை வரக் கூடாது. ஏற்கெனவே கொட்டியிருந்தால் மழைக்கு முன் முழுவதையும் வாரி எடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பின் நிலக்காரரை அழைத்து, அவரோடு வயலைச் சுற்றி நடந்து, அவர் சுட்டிக்காட்டும் குறையை அன்றே சரிசெய்ய வேண்டும். வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து நன்றி சொல்வது எங்கள் வழக்கம். பணம் வாங்க மறுப்பவராக இருந்தாலும், அந்த வீட்டு மூத்தவர்களைப் பரிசளிப்பு விழாவுக்கு நேரில் போய் அழைப்பதை விட்டுவிடக் கூடாது.

சொந்தத் திடல் உள்ளவர்களுக்கு

பஞ்சாயத்துத் திடலிலோ பள்ளி மைதானத்திலோ நிரந்தரமான களிமண் பிட்ச் வைத்திருக்கும் குழுக்களுக்கு வேலை வேறு. மேல் மண்ணில் உதிர்ந்த தூசியையும் காய்ந்த புல்லையும் கூட்டி அள்ளிவிட்டு, பந்துவீச்சாளரின் கால் விழுந்த குழிகளை ஓரம் செங்குத்தாக வெட்டி, ஈரப்படுத்தி, அதே களிமண்ணை அடுக்கடுக்காக இட்டு மெதுவாகக் குத்தி நிரப்ப வேண்டும். பிட்ச் போடப் பயன்பட்ட அதே மண்ணைத்தான் மேலே இட வேண்டும். வேறு மண் இட்டால் இரண்டும் ஒட்டாமல் அடுக்காகப் பிரிந்து, மறு ஆண்டு பந்து ஒரு நேரம் எழும்பும், ஒரு நேரம் தவழும். மேற்பரப்பை முள்வாரியால் கீறி, அருகம்புல் துண்டுகளை நட்டுவிட்டால் மழையிலேயே அது வேர்பிடித்துக்கொள்ளும். அந்த வேர்கள்தான் மண்ணைப் பிடித்துக் கட்டும். பக்கவாட்டில் நீர் வடிய வாய்க்கால் போட வேண்டும். மழைக்காலம் முழுவதும் தார்ப்பாய் போட்டு மூடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றும் வெளிச்சமும் இல்லாமல் புல் அழுகிவிடும்.

மூன்றாம் படி: மேட்டும் மற்ற பொருள்களும்

தேங்காய் நார் மேட்டில் ஒட்டிய மண்ணைத் துடைப்பத்தால் இரு பக்கமும் தட்டி எடுத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்த பிறகே சுருட்ட வேண்டும். மடித்து வைத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் பந்து கோணலாகத் திரும்பும். ஆகவே ஒரு மூங்கிலை நடுவில் வைத்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். ஓரத் தையல் பிரிந்திருந்தால் சாக்குத் தைக்கும் ஊசியால் இப்போதே தைத்துவிட வேண்டும், ஏனெனில் அங்கிருந்துதான் நார் உருவத் தொடங்கும். சிமென்ட் தரையில் நேரடியாக வைத்தால் மழைக்காலத்தில் ஈரம் ஏறும்; செங்கல்லின் மேல் பலகை போட்டு, சுவரில் ஒட்டாமல் வையுங்கள். எலி வராத இடமாக இருக்க வேண்டும். ஆணிகளுக்குப் பழைய எஞ்சின் ஆயிலைத் தடவி டப்பாவில் போட்டு, எண்ணிக்கையை மூடியிலேயே எழுதிவிடலாம்.

மட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தென்னை சூழ்ந்த நம் ஊர்களில் கைக்குக் கிடைக்கும் தேங்காய் எண்ணெயையே மட்டைக்கும் தடவிவிடுகிறார்கள். மட்டை செய்யும் வில்லோ மரத்துக்கு ஏற்றது ஆளிவிதை எண்ணெய். அது காற்று பட்டு மெல்ல இறுகி மரத்தின் மேல் மெல்லிய காப்பாக நிற்கும். தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் கிடையாது, பிசுபிசுப்பாகவே இருந்து தூசியைச் சேர்க்கும். பெயின்ட் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது டபுள் பாயில்டு வகை. காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெய் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். முதலில் மட்டையை மிக மெல்லிய உப்புத்தாளால் துடைத்து அழுக்கை எடுத்துவிட்டு, ஒரு தேக்கரண்டி அளவு எண்ணெயை முகப்பிலும் ஓரங்களிலும் அடி நுனியிலும் துணியால் தேய்க்க வேண்டும். கைப்பிடி மட்டைக்குள் செருகியிருக்கும் வி வடிவ இணைப்பில் எண்ணெய் படக் கூடாது. அங்குள்ள பசை நெகிழ்ந்துவிடும். முகப்பில் பிளாஸ்டிக் உறை ஒட்டிய மட்டைக்கு அந்த உறையின் மேல் எண்ணெய் தேவையில்லை. தேய்த்த மட்டையைப் படுக்கை வசமாக ஒரு நாள் நிழலில் வைக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போட்டோ, தண்ணீரில் நனைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

பேடு, கையுறை, ஹெல்மெட்டின் உள்பஞ்சு ஆகியவற்றில் நான்கு மாத வியர்வை உப்பு ஏறியிருக்கும். ஈரத் துணியால் துடைத்து, கடும் வெயிலில் காட்டாமல் காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். பலத்த அடி வாங்கிய ஹெல்மெட் வெளியில் முழுதாகத் தெரிந்தாலும் மறுபடி பயன்படுத்தத் தகாது. அதைத் தனியே எடுத்துவைத்து, புதியது வாங்கும் பட்டியலில் முதல் வரியாக எழுதுங்கள். கிட் பையைப் பூட்டி வைத்துவிட்டுத் தை மாதம் திறந்தால் பூஞ்சையும் நாற்றமும்தான் இருக்கும். மழை விட்டு வெயிலடிக்கும் நாள்களில் ஒரு மணி நேரம் திறந்து வைக்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். முதலுதவிப் பெட்டியில் காலாவதியான மருந்துகளைக் கழித்துவிடலாம்.

நான்காம் படி: ஸ்கோர் நோட்டைச் சரிபார்த்தல்

பரிசு கொடுக்கும் நாளில் எழும் சண்டைகள் பெரும்பாலும் கணக்குத் தவறால் வருபவை. எனவே இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வோர் ஆட்டத்தையும் முதலிலிருந்து கூட்டிப் பார்க்க வேண்டும். மட்டையாளர்களின் ஓட்டங்களும் உதிரிகளும் சேர்ந்து மொத்தமாக வர வேண்டும். மொத்தத்திலிருந்து, பந்து மட்டையில் படாமல் ஓடி எடுக்கும் பையையும், உடலில் பட்டு ஓடி எடுக்கும் லெக்பையையும் கழித்தால் பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களின் கூட்டல் வர வேண்டும். எடுத்துக்காட்டாக, மட்டையாளர்கள் 121, பை 6, லெக்பை 4, வைடு 9, நோபால் 2 என்றால் மொத்தம் 142. பந்துவீச்சாளர்களின் கணக்கில் 132 நிற்க வேண்டும். அபராத ஓட்டங்கள் இருந்தால் அவையும் பந்துவீச்சாளர் தலையில் ஏறாது. நோபாலில் மட்டையில் படாமல் ஓடி எடுத்தவற்றை 2017ஆம் ஆண்டு விதிகளின்படி பை அல்லது லெக்பையாகவே எழுத வேண்டும். பழைய வழக்கத்தில் எழுதிய ஸ்கோரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மட்டையாளரின் சராசரியை ஆடிய இன்னிங்ஸால் வகுப்பது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் பிழை. எத்தனை தடவை ஆட்டமிழந்தார் என்ற எண்ணிக்கையால்தான் வகுக்க வேண்டும். 12 இன்னிங்ஸில் 3 முறை ஆட்டமிழக்காமல் 288 ஓட்டம் எடுத்தவரின் சராசரி 32. பன்னிரண்டால் வகுத்தால் 24 என்று வந்து அவருடைய பரிசு இன்னொருவருக்குப் போய்விடும். காயத்தால் வெளியேறியவர் ஆட்டமிழக்காதவர். அடுத்தவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்க 50 அடித்ததும் தானாக வெளியேறி, மீண்டும் ஆட வராதவர் கணக்கில் ஆட்டமிழந்தவரே. அவருடைய நல்ல மனத்தைப் பாராட்டில் சொல்லலாம், கணக்கில் மாற்ற முடியாது.

ஓவர்களைக் கூட்டும்போது புள்ளிக்குப் பின் இருப்பது பந்துகளின் எண்ணிக்கை என்பதை மறக்கக் கூடாது. 7.4 ஓவரும் 6.3 ஓவரும் சேர்ந்தால் 46, 39 என்று 85 பந்துகள், அதாவது 14.1 ஓவர். கைபேசிக் கணிப்பானில் கூட்டியவர் 13.7 என்று எழுதியிருப்பார். ரன் அவுட் பந்துவீச்சாளரின் விக்கெட்டாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சரிபார்த்த பக்கங்களைப் படமெடுத்து இரண்டு பேரிடம் வைத்துக்கொண்டு, நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: வரவு செலவு

குழுவின் கணக்காண்டை ஜூன் முதல் மே வரை என்று வைத்துக்கொள்வது நல்லது. மார்ச்சில் முடித்தால் பருவத்தின் நடுவில் கணக்கு அறுந்து, பெரிய செலவுகள் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். சந்தா, நன்கொடை, வென்ற பரிசுத் தொகை, நடத்திய போட்டியின் நுழைவுக் கட்டணம் ஆகிய நான்கும் வரவில் தனித்தனியாக நிற்கட்டும். வென்ற பரிசுத் தொகையை அன்று ஆடிய பதினொருவர் பங்கிட்டுக்கொள்வதா, குழுவில் சேர்ப்பதா என்பது பல குழுக்களை உடைத்த கேள்வி. பாதியைக் குழுவுக்கும் பாதியை ஆடியவர்களின் பயணச் செலவுக்கும் என்று எங்கள் கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். எந்த விகிதமாக இருந்தாலும் பருவம் தொடங்கும் முன் எழுதி வைத்தால் போதும்.

பந்துக் கடை, பந்தல்காரர், மைக் செட்டுக்காரர், டீக்கடை ஆகிய நான்கு இடத்துப் பாக்கியையும் மே மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கைபேசி வழியாக வந்த பணம் பொருளாளரின் சொந்தக் கணக்கில் கலந்திருந்தால் ஒவ்வொன்றையும் பிரித்து எழுதி, மீதியைக் குழுவின் கணக்குக்கு மாற்றட்டும். பொறுப்பில் இல்லாத இரண்டு உறுப்பினர்கள் ரசீதுகளோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். அதன் பின் ஒரு பக்கக் கணக்கை வாசகசாலைச் சுவரில் தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டிவிட்டால், நன்கொடை கொடுத்தவர்கள் அடுத்த ஆண்டு கேட்காமலே கொடுப்பதை நான் கண்டிருக்கிறேன்.

பதிவுபெற்ற குழுவாக இருந்தால் ஆண்டுக் கூட்டத்துக்குப் பின் நிர்வாகிகள் பட்டியலைப் பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் பதிந்தவர்களுக்கு 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம் பொருந்தும். கேரளத்தில் வேறு சட்டம். எது நமக்குரியது என்பது பதிவுச் சான்றிதழின் தலைப்பிலேயே அச்சாகியிருக்கும்.

ஆறாம் படி: ஆண்டுக் கூட்டம்

ஏழு நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூட்டத்தை வையுங்கள். கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிறவர்களும் பொள்ளாச்சிக் கல்லூரிக்குப் போகிறவர்களும் அன்றுதான் ஊரில் இருப்பார்கள். முதலில் கணக்கு, அடுத்து குறைகள், பிறகு தேர்தல், கடைசியில் பரிசு என்ற வரிசையை மாற்ற வேண்டாம். பரிசை முதலில் கொடுத்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். கேப்டன் தேர்வைக் கையுயர்த்தி நடத்தாமல் ரகசியச் சீட்டில் பெயரெழுதி வாக்களிக்கும் முறையில் நடத்துங்கள்; அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று உறவுக்குள்ளேயே அணி அமையும் ஊரில், கை தூக்காதவனின் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். குறை சொல்ல எழும் இளையவனை மூத்தவர்கள் இடைமறிக்காமல் பார்த்துக்கொள்வது தலைவரின் வேலை. ஆண்டு முழுவதும் பதினொருவருக்கு வெளியே உட்கார்ந்திருந்தவன் அன்று என்ன சொல்கிறான் என்பதை நடவடிக்கைக் குறிப்பில் அவன் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்.

பரிசுகளில் ஸ்கோரருக்கும் நடுவருக்கும் பிட்ச்சுக்குத் தண்ணீர் சுமந்தவருக்கும் ஒவ்வொன்று இருக்கட்டும்.

ஏழாம் படி: மழை மாதங்களுக்கான ஏற்பாடு

வேகப்பந்து வீசும் பதின்வயதுப் பையன்களுக்குச் சில வாரங்கள் முழு ஓய்வு கொடுக்க வேண்டும். வளரும் வயதில் ஓய்வின்றி வீசுவதால் கீழ்முதுகு எலும்பில் கீறல் விழுவது மருத்துவம் நன்கறிந்த காயம். முதுகைப் பின்னால் வளைக்கும்போது வலிக்கிறது என்று சொல்பவனைத் தைலம் தடவி அனுப்பாமல் எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மழை பெய்யும் ஞாயிறுகளில் வாசகசாலையில் கூடி விதிகளைப் படிக்கலாம். 2022 அக்டோபர் 1 முதல், கேட்ச் ஆனால் மட்டையாளர்கள் ஒருவரையொருவர் கடந்திருந்தாலும் புதிதாக வருபவரே அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டும், ஓவர் முடிந்திருந்தால் தவிர. இதை அறியாத நடுவர்களால் சென்ற பருவத்திலும் ஆட்டம் நின்றது.

கடைசியாக, மேட்டும் கிட் பையும் இருக்கும் அறையின் சாவியை இரண்டாகச் செய்து, ஒன்றைப் புதிய செயலாளரிடமும் இன்னொன்றை நிர்வாகத்தில் இல்லாத ஒருவரிடமும் கொடுத்து, பொருள்களின் பட்டியலில் இருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். கார்த்திகை பிறந்ததும் நிலக்காரரைச் சென்று பார்க்கும் பொறுப்பை யார் ஏற்கிறார்கள் என்பதையும் அதே தாளின் கீழே எழுதிவிடுங்கள்.